தரை தொடாத வளைவு

"இந்த வளைவுக்கு நடுக்கோடு கிடையாது" என்றார் வில்லவராயர்.

ஆசிரியை உமையாள் நிமிர்ந்து பார்த்தார்.

கரட்டுமலை மேலிருந்த கணித மடம் அது. உமையாளுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். மாணவரான வில்லவராயருக்கோ தலை முழுக்க நரை. அரசரின் படையில் கல்லெறி பொறிகளுக்கெல்லாம் தலைவராக இருந்தவர். எறிந்த கல் எங்கே விழும் என்பதைக் கண்ணாலேயே அளந்து சொல்லிவிடுவார். கூட இருந்தவர்கள் ஓய்வு பெற்றதும் யாத்திரை போனார்கள். இவர் கணிதம் படிக்க மலையேறினார்.

வந்த கொஞ்ச காலத்திலேயே மற்ற மாணவர்களை முந்திவிட்டார். அது அவருக்குத் தெரியும். பிறருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் அவருக்கு அக்கறை உண்டு.

அப்போது இருபடி வளைவுகளின் பாடம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்குகளை மணலில் வரைந்தால் கிண்ணம் போல ஒரு வளைவு வரும். அதை இடம் வலம் மாறாமல் சரிபாதியாகப் பிரிக்கிற செங்குத்துக் கோட்டை மடத்தில் சமச்சீர் அச்சு என்பார்கள். வில்லவராயருக்கு அது நடுக்கோடு.

அவர் வழி எளிமையானது. மணல் பரப்பின் கீழோரத்தில் இரண்டு முளைகளுக்கு நடுவே ஒரு நூல் இழுத்துக் கட்டியிருக்கும். அதுதான் தரை, சுழியத்தின் மட்டம். வளைவு அந்த நூலை எந்த இரண்டு இடத்தில் வெட்டுகிறது என்று கணக்குப் போடுவார். இரண்டுக்கும் நடுவில் கோலை ஊன்றுவார். ஒருமுறை கூடப் பிசகியதில்லை.

அந்தத் தெம்பில்தான் முந்தின நாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். எந்த வளைவைக் கொடுத்தாலும் நடுக்கோட்டைக் காட்டுவாராம். முடியாவிட்டால் மலையை விட்டு இறங்கிவிடுவாராம்.

மறுநாள் உமையாள் ஒரு கணக்கைச் சொல்லி மணலில் வரைந்தார். ஓர் எண்ணின் வர்க்கம். அதிலிருந்து அந்த எண்ணின் ஆறு மடங்கைக் கழி. பதின்மூன்றைக் கூட்டு.

வளைவு நூலைத் தொடவே இல்லை. அந்தரத்தில் நின்றது.

உத்தேசமாக ஓர் இடத்தைக் காட்டுங்களேன் என்று ஒரு மாணவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். வில்லவராயர் அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

"நூலை வெட்டினால்தான் இரண்டு புள்ளி. இரண்டு புள்ளி இருந்தால்தான் நடு" என்றார் வில்லவராயர். "இது எங்கேயும் வெட்டவில்லை, அம்மா."

"அப்படியானால்?"

"சொன்ன சொல் சொன்னதுதான்."

உள்ளே போய்த் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். மாணவர்கள் வழியை மறித்துக் கெஞ்சினார்கள். போர்க்களத்திலும் வாக்கு மாறியதில்லை என்று சொல்லி அவர்களை விலக்கினார். முதுகு வளையவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

ஆசிரியையிடம் விடைபெற வந்து நின்றார். போவதற்கு முன் ஒரு வேலை செய்துகொடுக்க முடியுமா என்று உமையாள் கேட்டார். முளைகள் ஆட்டம் கண்டுவிட்டனவாம். பிடுங்கி வேறு இடத்தில் ஊன்ற வேண்டுமாம்.

"எங்கே?"

மணலின் இடது ஓரத்தில் மட்டங்களைக் குறித்த கோடுகள் இருந்தன. உமையாள் பதின்மூன்றாம் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

வில்லவராயர் மூட்டையை இறக்கி வைத்தார். ஒரு முளையை இடது ஓரத்தில் அந்தக் கோட்டில் அடித்து இறக்கினார். மற்றதை எதிர்ப்பக்கம் அதே மட்டத்தில் அடித்தார். நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினார். மூட்டையை எடுத்தார்.

எடுத்தவர் நகரவில்லை.

நூல் இப்போது வளைவை இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு கிடந்தது.

அவர் உதடுகள் அசைந்தன. இந்த மட்டத்தில் பதின்மூன்றும் பதின்மூன்றும் கழிந்துவிடும். மிச்சம் இருப்பது வர்க்கமும் ஆறு மடங்கும். அவை இரண்டும் சமமாவது எங்கே? சுழியத்தில். பிறகு ஆறில்.

மூட்டை கையிலிருந்து நழுவியது.

யாரும் சொல்லாமலே முளைகளைப் பிடுங்கி எட்டாம் மட்டத்தில் ஊன்றினார். ஒன்றிலும் ஐந்திலும் வெட்டியது. ஐந்தாம் மட்டத்துக்கு இறக்கினார். இரண்டிலும் நான்கிலும் வெட்டியது. நான்காம் மட்டத்தில் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிக் கிண்ணத்தின் அடியில் நின்றன.

கோலை எடுத்து மூன்றில் ஊன்றினார்.

பிறகு மணலைத் தட்டிவிட்டு எழுந்து, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, முன்னைவிட நிமிர்ந்து நின்றார்.

"இன்னொன்று கொடுங்கள்."

"கிளம்பிக்கொண்டிருந்தீர்களே?"

"எந்த வளைவைக் கொடுத்தாலும் என்று சொல்லியிருக்கிறேன், அம்மா."

மாணவர்கள் சுற்றிக் கூடினார்கள். உமையாள் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார். மணலில் எதையும் வரையாமல் வாயாலேயே சொன்னார்.

"வர்க்கத்தின் இரண்டு மடங்கு. அதிலிருந்து எண்ணின் இருபது மடங்கைக் கழியுங்கள். அதோடு..."

"நடுக்கோடு ஐந்தில்" என்றார் வில்லவராயர்.

"கடைசி எண்ணை நான் இன்னும் சொல்லவில்லையே, தளபதியாரே."

"அது எதுவாக இருந்தால் என்ன, அம்மா?"