ஈ தொடாத சுரைக்காய்

குளக்கரைக் காட்டில் சிலுப்பி என்ற முள்ளம்பன்றி சுரைக்கொடி வளர்த்து வந்தாள். பிஞ்சு விட்டால் போதும், பழ ஈக்கள் வந்து துளையிட்டு முட்டை வைத்துவிடும். காய் உள்ளுக்குள்ளேயே புழுத்து உதிரும். அவளுடைய ஒரே குட்டி பசியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தது.

புதரோரம் ஒரு பேய்ச்சுரை படர்ந்திருந்தது. அதை எந்த ஈயும் சீண்டுவதில்லை. சிலுப்பி அதன் ஆண் பூவைப் பறித்து வந்து, தன் கொடியின் பெண் பூவில் தடவினாள். அதில் விளைந்த விதையை மறுபருவம் ஊன்றினாள்.

கொடி கொள்ளாமல் காய்த்தது. ஒரு காயிலும் துளை இல்லை! சிலுப்பிக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து வளை முயல் வந்தான். பெயர் கொம்பன். முயலுக்கு ஏது கொம்பு என்று கேட்காதீர்கள், பெற்றவர்கள் வைத்த பெயர். சுரையைத் தின்னுமுன் நுனியைக் கிள்ளி நக்கிப் பார்ப்பது அந்தக் காட்டு வழக்கம். கொம்பன் நக்கினான். உடனே காறித் துப்பினான்.

"ஐயோ அக்கா, குடல் வரைக்கும் கசக்குது! இதைத் தின்னாதே! விதையை மட்டும் எடுத்து வை. நல்ல சுரையோட திரும்பத் திரும்பக் கலந்து பாரு, கசப்பு போகும்!"

"அதுவரைக்கும் என் பிள்ளை பட்டினி கிடக்கணுமா?"

"ஆக்கப் பொறுத்தவ, ஆறப் பொறுக்க மாட்டியா?"

"கசந்தா என்னடா? பாவக்காய் கசக்கலையா? கசப்பு உடம்புக்கு நல்லது!"

"பாகல் வேற, சுரை வேற அக்கா!"

"போடா, பொறாமை பிடிச்சவனே!"

சிலுப்பி ஒரு வாய் தின்றாள். மீதி முழுவதையும் பாசத்தோடு குட்டிக்கு வைத்தாள்.

"வேண்டாம்மா, கசக்குது!" என்று குட்டி முகத்தைத் திருப்பியது.

"மருந்துன்னு நெனச்சு முழுங்கு, கண்ணு!"

அம்மா சொன்னதால் குட்டி முழுங்கியது.

கொஞ்ச நேரத்தில் அது இரத்தமாக வாந்தி எடுத்தது. பொழுது சாயுமுன் உயிர் போய்விட்டது. பாவம், என்ன பாவம் செய்தது அந்தப் பிள்ளை!

சிலுப்பி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். கொடிக்கு மேலே ஒரு பழ ஈ பறந்தது.

"பாவி ஈயே! தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்று கத்தினாள்.

"நீ எங்கே கேட்டே?" என்றது ஈ. "அதுல முட்டை வெச்சா என் பிள்ளைங்க செத்துப் போயிடும்னுதானே நான் தொடவே இல்லை!"

பகை ஒதுங்கியதையே வெற்றி என்று எண்ணி, அது ஏன் ஒதுங்கியது என்று கேளாதவர் தம் வீட்டுக்கே நஞ்சை விளைவிப்பர்.