அழுமூஞ்சிக் கட்டை

வெகு காலத்துக்கு முன்னால், மந்திரவாதிகள் கோபித்துக்கொண்டால் மனிதர்கள் மரமாகிப்போன காலத்தில், மருதநாடு என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே பச்சைநாயகி அம்மன் கோயிலுக்கு வெள்ளிதோறும் பொங்கல் வைத்துக் கொடுப்பவள் பூங்காவனம். அவள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் கிடையாது. அடுப்புதான் அவளோடு சண்டைக்கு நிற்கும். ஊதினால் புகையும், ஊதாவிட்டால் அணையும்.

விறகு வெட்டி வருவது அவள் புருஷன் பொன்னுரங்கம். சுமையைக் கொல்லையில் தொப்பென்று போடுவான். நேற்றுப் போட்டதன் மேல் இன்று, இன்று போட்டதன் மேல் நாளை. பூங்காவனமும் கைக்கு எட்டியதை மேலிருந்து உருவுவாள். பச்சை விறகெல்லாம் அடுப்புக்கு, பழைய விறகெல்லாம் அடியில் காளானுக்கு!

ஒரு மாசி வெள்ளியன்று பூசாரி பொங்கலை முகர்ந்து பார்த்தார்.

"பூங்காவனம், அம்மனுக்கே கண்ணு எரியுதம்மா! சித்திரைத் திருவிழாவுக்கு ராணியம்மா வர்றாங்க. அன்னைக்கும் புகை நாத்தம் அடிச்சா, பானையை வேற வீட்டுக்குக் கொடுத்துடுவேன்."

பாவம், அந்தப் பானைதான் அவளுக்கு உயிர். "தாயே, இதை மட்டும் என் கையிலிருந்து பிடுங்கிடாதே" என்று விறகுக் குவியல் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

குவியலுக்கு அடியிலிருந்து இன்னோர் அழுகை கேட்டது.

"யாரது?"

"அடிக்கட்டை. அம்மா, கொஞ்சம் எழுந்திருங்களேன், நசுங்குது!"

விறகை விலக்கினால், தலையில் காளான் முளைத்த ஒரு பருத்த கட்டை!

"நான் இந்த நாட்டு இளவரசன் மகிழ்வரதன். ஒரு மந்திரவாதியோட தாடியைப் பார்த்துச் சிரிச்சிட்டேன். 'கட்டையாப் போ! ஒரு சொட்டு ஈரமில்லாம காய்ஞ்சாத்தான் மனுஷனாவே'ன்னு சபிச்சிட்டான். உங்க வீட்டுக்காரர் தூக்கிட்டு வந்துட்டார். இந்த வீட்ல நான் என்னைக்குக் காயறது?"

பூங்காவனம் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அம்மா, கீழே ஈரம்!" என்றது கட்டை. கல் பரப்பி, அதன் மேல் இரண்டு கழிகளைப் போட்டு, தரை படாமல் அடுக்கினாள்.

"அம்மா, மூச்சு முட்டுது!" என்றது. மற்ற விறகையெல்லாம் பிளக்கச் சொல்லி, ஒரு வரிசை நெடுக்கே, ஒரு வரிசை குறுக்கே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கினாள்.

"அம்மா, மேலே மழை!" என்றது. கீற்று வேய்ந்தாள். பொன்னுரங்கம் ஆர்வத்தில் நாலு பக்கமும் சாக்குக் கட்டிவிட்டான்.

"காத்தை எதுக்குய்யா அடைக்கிறே?" என்று கட்டை கத்தியதும் அவிழ்த்துவிட்டான்.

"இந்தாங்க, இனிமே புதுசை மேற்கால வைங்க, அடுப்புக்கு வேணுங்கறதைக் கிழக்கால இருந்து எடுங்க. பழசு முதல்ல, புதுசு பின்னால!" என்று புருஷனுக்கு மூன்று தரம் சொன்னாள்.

சித்திரை பிறந்தது. விறகைத் தட்டினால் கணீர் கணீர் என்றது. இளவரசனைத் தட்டினால் மட்டும் தொப்!

"ஏன் தம்பி?"

"அரண்மனையை நினைச்சு தினமும் அழுதேம்மா..."

"நல்லா இருக்கே! நான் வெளியே காயப் போடறேன், நீங்க உள்ளே ஊறப் போடறீங்களா?" என்று அவனை வெயில் படும் கிழக்கு ஓரத்தில் வைத்தாள்.

திருவிழா அன்று காலை அவள் கிணற்றடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பொன்னுரங்கத்துக்குப் பெண்டாட்டி சொன்னது வாழ்நாளில் முதல் தடவையாக ஞாபகம் வந்தது. பழசு முதல்ல! அது யாரென்பதுதான் மறந்துபோயிற்று. கிழக்கு ஓரத்துக் கட்டையை எடுத்து அடுப்பில் சொருகி, கூடவே நாலு பிளந்த விறகும் வைத்துப் பற்றவைத்தான்.

கட்டைக்குப் பயத்தில் நா எழவில்லை. இதோ அழப்போகிறது. அதற்குள் பொன்னுரங்கம் பழக்க தோஷத்தில் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினான் பாருங்கள்! காய்ந்த விறகல்லவா? குப்பென்று பற்றி அவன் மீசையில் பாதியைத் தின்றுவிட்டது.

அரை மீசையைக் கண்டதும் கட்டை அழுகையை மறந்து சிரித்தது. விலா வெடிக்கச் சிரித்தது. வெடிப்பு வழியே கடைசிச் சொட்டு ஈரம் 'சுர்'ரென்று பறந்தது. அவ்வளவுதான்!

"ஐயோ, சுடுதே!" என்று அடுப்பிலிருந்து ஓர் இளவரசன் துள்ளிக் குதித்து, கிணற்றடித் தொட்டியில் போய் உட்கார்ந்தான்.

அன்று அடுப்பு அணையாமல், புகையாமல் எரிய, பொங்கல் பொங்கிற்று. பானையோடு பூங்காவனம் முன்னே போக, இளவரசன் பின்னே போனான். மகனைக் கண்ட ராணி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பூசாரி மட்டும் முகர்ந்துகொண்டே இருந்தார்.

"புகை வாசனை வருதே!"

"பொங்கல்ல இல்லைங்க," என்றான் இளவரசன் கூச்சத்தோடு. "என் வேட்டியில."

"என்ன வேணும், கேளம்மா" என்றாள் ராணி.

"பானை என்கிட்டேயே இருக்கட்டும் ராணியம்மா."

பானை அவளிடமே இருந்தது. அரண்மனை விறகும் அன்று முதல் அவள் சொன்னபடியே அடுக்கப்பட்டது. மருதநாட்டில் இன்றைக்கும் கட்டையைத் தட்டிப் பார்த்துத்தான் அடுப்பில் வைப்பார்களாம். கணீரென்றால் எரிப்பார்கள். தொப்பென்றால் ஒரு வேடிக்கைக் கதை சொல்லி, திரும்ப வெயிலில் வைத்துவிடுவார்கள்.