நாலு பேருக்கு ஒரு வெள்ளைச் சட்டை

மந்தம்பாளையத்தைச் சுற்றிலும் பனியன் கம்பெனிகள். வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுத்துவிட்டு, தைத்து முடிப்பதற்குள் மனசு மாறி, "இந்த மோஸ்தர் ஓய்ந்துவிட்டது, வேண்டாம்" என்று தள்ளிவிடும் உருப்படிகளெல்லாம் மந்தம்பாளையத்துச் சந்தைக்குத்தான் வந்து சேரும். அதனால் உலகத்தில் எந்த ஃபேஷன் எப்போது செத்தது என்பதை அந்த ஊர் இளவட்டங்களின் உடம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அந்த இளவட்டங்களில் நாலு பேர் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. நாச்சிமுத்து முழங்கால் இரண்டும் வாய் பிளந்த ஜீன்ஸ் போடுவான். நாலு பேருக்கும் சேர்த்து யோசிக்கிற வேலை அவனுடையது. தரணி சித்திரை வெயிலில் குல்லாய் வைத்த கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, "ஊர்ல ரொம்பப் புழுக்கம்" என்று குறைபட்டுக்கொள்வான். குப்புராசு உடம்பால் பெரியவன். அவன் பேண்ட் முழுக்கப் பைகள். வைப்பதற்குத்தான் ஒன்றும் கிடையாது. ஆகவே தன் வீட்டுச் சாவியை ஒரு பையில் போட்டுவிட்டு, எந்தப் பை என்று மாலைவரை தேடுவான்.

நாலாவது ஆள் பூபதி. ஒல்லி. அவன் போடும் சட்டையில் தோள்பட்டை முழங்கைக்கு வந்துவிடும். இந்தக் கோலத்தைப் பார்த்தே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. "இதுவும் தட்டிப் போச்சுன்னா இனி நான் பொண்ணு தேட மாட்டேன், நீயே சந்தைக்குப் போயி வாங்கிக்க" என்று அவன் அம்மா கையைக் கழுவிவிட்டாள்.

'இது' என்பது பெருந்துறை மிருதுளா. பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு அவள்தான் மேற்பார்வை. தைத்து வரும் உருப்படியில் பிசிறு, கறை, கோணல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஒரு கல்யாணத்தில் பூபதியின் இலையில் அவள் பாயசம் ஊற்றினாள். அன்றையிலிருந்து அவனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

பெண் பார்க்கப் போகும் வாரத்தில் அவளிடமிருந்து செல்போனில் ஒரு குரல் செய்தி வந்தது. நாலு பேரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து கேட்டார்கள்.

"ஏனுங்க, உங்க போட்டோ பாத்தேன். ஆளு பரவாயில்லைங்க, துணிதான் பாவமா இருக்குது. கிழிசல் பேண்ட், நெஞ்சு பூரா எழுத்து, கூடாரமாட்டம் சட்டை, அதெல்லாம் ஓஞ்சு போச்சுங்க. நாங்களே தைக்கறத நிறுத்திட்டோம். ஞாயித்துக்கெழமை நாலு பேரு வர்றீங்கன்னு அப்பா சொன்னாரு. கிழிசல் இருக்கக் கூடாது. நெஞ்சுல எழுத்து இருக்கக் கூடாது. தொளதொளன்னு இருக்கக் கூடாது. ஒரு வெள்ளச் சட்டை, ஒரு நீலப் பேண்ட், அவ்வளவு போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"நல்ல புள்ள. தெளிவாச் சொல்லுது" என்றான் நாச்சிமுத்து. "மொதல்ல கிழிசலைக் கவனிப்போம். கிழிசல் இருக்கக் கூடாதுன்னா என்ன பண்ணோணும்?"

"தைக்கலாம்" என்றான் பூபதி.

"தைச்சா உள்ளுக்குள்ள இருக்கும். மறைக்கறது வேற, இல்லாமப் பண்றது வேற. வெட்டி எடுத்தரோணும்."

வெட்டி எடுத்தார்கள். எடுத்த இடத்தில் முன்னைவிடப் பெரிய ஓட்டை இருந்தது. நாலு பேரும் குனிந்து அதைப் பார்த்தார்கள்.

"வேர் விட்டிருக்குது. இன்னுங் கொஞ்சம் ஆழமா வெட்டு" என்றான் நாச்சிமுத்து.

பொழுது சாய்வதற்குள் அவர்களுடைய எல்லாப் பேண்டுகளிலும் இடுப்புப் பட்டையும் பொத்தானும் மட்டும் மிஞ்சின. குப்புராசின் பேண்டில் கிழிசல் கிடையாது. ஆனாலும் நாளைக்கு வந்துவிடக் கூடாதே என்று அதையும் முன்கூட்டியே வெட்டிவிட்டார்கள். நாச்சிமுத்து இடுப்புப் பட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு கிழிசல்கூட இல்லையென்று திருப்திப்பட்டான்.

அடுத்தது எழுத்து. நெஞ்சில்தானே கூடாதென்றாள்? சட்டைகளை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். கழுத்து இறுக்கியது, பூபதிக்குக் கண் பிதுங்கியது. தரணியின் குல்லாய் முகவாய்க்குக் கீழே பை மாதிரி தொங்கியது. அவன் அதில் வேர்க்கடலையைக் கொட்டி, குனிந்து குனிந்து தின்றான். இத்தனை வருஷத்தில் அந்தச் சட்டையால் ஒரு பிரயோசனம் கிடைத்தது அன்றைக்குத்தான்.

"திரும்பி நடக்கறப்ப எழுத்துத் தெரியுமே" என்றான் பூபதி.

"திரும்பாம வந்தரலாம். பின்னாலயே நடந்து" என்றான் நாச்சிமுத்து.

ஒத்திகை பார்த்ததில் குப்புராசு மாட்டுத் தண்ணித் தொட்டியில் உட்கார்ந்துவிட்டான். சரி, இது ஆகாது என்று முடிவாயிற்று. இருக்கிற சட்டைகளையெல்லாம் மூட்டை கட்டி, துணி வெட்டி மிச்சப்படும் கட்டிங் வேஸ்டை வாங்கி விற்கிற வியாபாரியிடம் கொண்டுபோனார்கள். அவர் மூட்டையை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு சாக்கு நிறையப் பனியன் துணுக்கைக் கொடுத்தார். அதை எதற்கு வாங்கினார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது, எதற்குக் கொடுத்தோம் என்று அவருக்கும் தெரியாது.

பிறகு ஜவுளிக்கடை. இரவல் வேட்டியும் துண்டுமாய் நாலு பேர் படியேறியதைப் பார்த்து, விற்பனையாள் பரிவோடு நாலு வெள்ளைச் சட்டைகளை எடுத்துப் போட்டார்.

"ஒண்ணு போதுங்க" என்றான் நாச்சிமுத்து.

"யாருக்குங்க?"

"எங்க நாலு பேருத்துக்கும். நாலு பேரு வர்றோம்னு தெரிஞ்சுதான் புள்ள ஒரு சட்டை, ஒரு பேண்ட்னு சொல்லியிருக்குது. நாம ரெண்டா வாங்குனா பேச்சை மீறுன மாதிரி."

பூபதி தயங்கினான். "மாப்பிள்ளை நான்தானே. என் அளவுக்கு எடுக்கலாமே?"

"மெலிஞ்சவன் பெரிய சட்டைக்குள்ள போயிரலாம். குப்புராசு உன்ற சட்டைக்குள்ள போக முடியுமா? நியாயத்தைப் பேசு." நியாயத்தைப் பேசியதில் சட்டை, நீலப் பேண்ட் இரண்டையும் குப்புராசின் அளவுக்கே வாங்கினார்கள்.

வீட்டுக்கு வந்து பூபதி போட்டுப் பார்த்தால், சட்டைக்குள் இன்னொரு பூபதிக்கு இடமிருந்தது. தொளதொளவென்று இருக்கக் கூடாது என்றாளே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. நாச்சிமுத்து கண்ணை மூடி யோசித்தான்.

"சட்டையைச் சுருக்க முடியாட்டி ஆளைப் பெருக்கோணும்."

அப்போதுதான் சாக்கு ஞாபகம் வந்தது. துணுக்குகளைத் திணிக்கத் திணிக்கப் பூபதி ஊர்த் தலைவர் கணக்காக நிமிர்ந்தான். கையை மடக்கத்தான் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. இரவல் காரைப் பெண் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி நிறுத்தினார்கள். இடுப்பில் துண்டோடு மூன்று பேர் காருக்குள் குனிந்திருக்க, பேச்சுவார்த்தை தெரிந்தவன் என்று முதலில் நாச்சிமுத்து சட்டை பேண்டோடு இறங்கிப் போனான். பெண்ணின் அப்பா சென்னியப்பன் அதிர்ந்து பேசாத மனுஷர். "வாங்க தம்பி" என்று உட்கார வைத்து டீ கொடுத்தார். நாச்சிமுத்து குடித்தான். "மத்தவங்க பின்னால வர்றாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

அடுத்து குப்புராசு வந்தான். டீ குடித்தான். கேசரி சாப்பிடும்போது நெய்யோடு ஒரு துண்டு சட்டைப் பையில் விழுந்து மஞ்சளாகப் பிடித்துக்கொண்டது. அவன் போன பிறகு, சட்டைக்குள் துணுக்கைத் திணித்துக்கொண்டு பொதபொதவென்று தரணி வந்தான். அதே இடத்தில் அதே மஞ்சள் கறை. சென்னியப்பன் கறையைப் பார்த்தார், தரணியைப் பார்த்தார், டீ கொடுத்தார்.

கடைசியாகப் பூபதி. துணுக்கு அரித்தது, வியர்த்தது.

"வாங்க தம்பி" என்றார் சென்னியப்பன். "இந்தச் சட்டை இதுக்கு முன்னால மூணு டீ குடிச்சிருக்குது. இன்னொண்ணு போடச் சொல்லட்டுங்களா?"

பூபதிக்கு உயிரே போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மிருதுளா வந்து எதிரில் நின்றாள். அவள் கண் நேராக அவன் மணிக்கட்டுக்குப் போயிற்று. அங்கே சிவப்பாக ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. செக்கிங்காரி, கை சும்மா இருக்குமா? பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். சிவப்பு முடிந்து பச்சை வந்தது, பச்சை முடிந்து கோடு போட்டது வந்தது. அவள் இழுக்க இழுக்க மாப்பிள்ளை இளைத்துக்கொண்டே போனான். கடைசியில் காலடியில் ஒரு குவியலும், சட்டைக்குள் ஒரு குச்சியும் மிஞ்சின.

"மத்தவங்கெல்லாம் எங்கீங்க?" என்று கேட்டாள்.

"கார்ல இருக்காங்க."

"ஏன் ஒண்ணா வரல?"

"இதை நான் போட்டிருக்கனே" என்றான் பூபதி. "நாலு பேருத்துக்கு ஒரு சட்டை, ஒரு பேண்ட் போதும்னு நீங்கதானே சொன்னீங்க."

மிருதுளா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னாள்: "கம்பெனியில தொண்டை கிழியக் கத்தறேன், ஒரு ஆளு நான் சொல்றதைக் கேக்கறதில்ல. இவரு ஒரு சொல்லு மாத்தாமக் கேட்டிருக்காருங்கப்பா. எனக்குச் சம்மதம்."

பூபதிக்குக் காது அடைத்தது. சந்தோஷத்தில் மூச்சு விடக்கூட மறந்துபோனான்.

"ஆனா ஒண்ணுங்க" என்றாள் அவள். "இனிமே இந்தச் சட்டை உங்க உடம்புலதான் இருக்கோணும். கூட்டாளிகளுக்குக் கழட்டிக் குடுக்கக் கூடாது."

"சத்தியமாக் குடுக்க மாட்டனுங்க."

காருக்கு ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னான். மூன்று பேரும் துண்டு நழுவுவதுகூடத் தெரியாமல் அவனைக் கட்டிக்கொண்டார்கள். வண்டியைக் கிளப்பும்போது குப்புராசு மடியைத் தடவிப் பார்த்து, "என்ற போனை உள்ளேயே வெச்சிட்டு வந்துட்டன். சட்டையைக் கழட்டு மாப்ளே, எடுத்துட்டு வந்தர்றேன்" என்றான்.

பூபதி இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "முடியாது. உசுரே போனாலும் குடுக்க மாட்டேன். வாக்குக் குடுத்திருக்கறேன்."

நாச்சிமுத்து கண்ணை மூடி யோசித்தான்.

"சட்டையைப் பத்திச் சொன்னா, சரி. பேண்டைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

பூபதி ஒவ்வொரு சொல்லாக நினைத்துப் பார்த்தான். "ஒண்ணும் சொல்லலயே."

சென்னியப்பன் வாசல் கதவைச் சாத்தப் போனவர் நிமிர்ந்து பார்த்தார். நீலப் பேண்ட் மட்டும் போட்டுக்கொண்டு, வெற்று மார்போடு, குப்புராசு கம்பீரமாக வந்துகொண்டிருந்தான்.

"வாங்க தம்பி" என்றார் சென்னியப்பன். பிறகு உள்ளே திரும்பி, "ஏனம்மணி, இன்னொரு டீ போடு. இது பேண்டுக்கு" என்றார்.