சாவித் துவாரம் இல்லாத பூட்டு

திண்டுக்கல்லில் சவரிராயன் பூட்டுக் கம்பெனி என்று ஒன்று. தாத்தா செய்த அதே பூட்டைத்தான் பேரன் சவரிராயனும் செய்துகொண்டிருந்தார். வாங்க மிஞ்சியிருந்தவர் மதுரை மொத்த வியாபாரி சொக்கநாதன் ஒருவர்தான். அவரும் ஒருநாள் போன் போட்டார்.

"அடுத்த சனிக்கிழமை வர்றேன். புதுசா ஒரு பூட்டுக் காட்டுங்க. இல்லேன்னா இதோட விட்டுருவோம்."

அவர் விட்டால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். முதலாளி அலறியடித்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு ஏதோ நிர்வாகப் பயிற்சிக்கு ஓடினார். இரண்டே நாளில் முகம் பளபளக்கத் திரும்பி வந்து, இருந்த மூன்று பேரையும் கூப்பிட்டார். அரம் போடும் மிக்கேல், ஸ்பிரிங் பொருத்தும் சூசையம்மா, பெட்டி கட்டும் வெள்ளையன்.

"இனிமே நீங்க ஒவ்வொருத்தரும் முதலாளி மாதிரி நடந்துக்கணும். தினம் ஒரு மணி நேரம் புதுசா யோசிக்கணும். என்கிட்ட எதையும் கேக்க வேண்டாம். தப்பு நடந்தா திட்ட மாட்டேன், கைதட்டுவேன்."

மறுநாள் எட்டு மணிக்குக் கம்பெனியில் ஈ, காக்கா இல்லை. முதலாளி பதினொரு மணிக்கு வருகிறவர். ஆகவே மூவரும் பதினொரு மணிக்கு வந்து, ஃபேனுக்கு அடியில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"என்னப்பா, வேலை நடக்குதா?" என்றான் மிக்கேல்.

"அதை நான்ல கேக்கணும்?" என்றாள் சூசையம்மா.

"நடக்கலை போலிருக்கே" என்று வெள்ளையன் கவலைப்பட்டான்.

உள்ளே வந்த முதலாளி இதைப் பார்த்தார். சொன்ன சொல்லுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டினார்.

அதில் உற்சாகமாகி மூவரும் யோசிக்கும் நேரத்தைத் தொடங்கினார்கள்.

"திருடன் பூட்டை எப்படித் திறக்கிறான்?"

"ஓட்டையில கம்பியை விட்டு."

"அப்ப தப்பு யார் மேல?"

மிக்கேல் ஒரு பூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஓட்டை மேலதான்" என்றான் மிக்கேல்.

"ஓட்டையை எடுத்துட்டா சாவியை எங்க விடுறது?" என்றாள் சூசையம்மா.

"ஓட்டையே இல்லாதப்ப சாவி எதுக்குக்கா? தொலையுமேங்கிற கவலையும் விட்டுச்சு பாரு!" என்றான் வெள்ளையன்.

அமுக்கினால் 'டொக்'கென்று பூட்டிக்கொள்ளும் பூட்டு தயாரானது. சனிக்கிழமை காலை, வருகிறவர் கண்ணில் உடனே படட்டும் என்று, அதைக் கம்பெனியின் கம்பி கேட்டில் மாட்டி அமுக்கினார்கள். நால்வரும் உள்ளே இருந்தார்கள்.

சொக்கநாதன் வந்தார். இழுத்தார். கம்பியால் குத்த இடம் தேடினார். கல்லால் அடித்தார். அவருடைய டிரைவர் சுத்தியலால் அடித்தான். பூட்டு அசையவில்லை.

"அடேயப்பா! என் சர்வீசுல இப்படி ஒரு பூட்டைப் பார்த்ததில்லை. ஐநூறு அனுப்புங்க!" என்று கேட்டுக்கு வெளியிலிருந்தே கத்தினார்.

முதலாளிக்குக் கண்ணில் நீர் முட்டியது. "கேட்டைத் திறங்கப்பா! ஐயாவுக்கு ஒரு காபி குடுப்போம்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளையன் தொண்டையைச் செருமினான்.

"மொதலாளி, கைதட்டுங்க."

நல்லவேளை, சொக்கநாதன் அவசரமாக மதுரைக்குக் கிளம்பிவிட்டார். இவர்கள் பின்பக்கச் சுவரைக் கடப்பாரையால் இடித்து வெளியே வந்தார்கள். ஐநூறு பூட்டும் அந்த வழியாகத்தான் லாரி ஏறின. எப்படித் திறப்பது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது மரியாதையில்லை என்று இவர்களும் விட்டுவிட்டார்கள்.

சரக்கு போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே போன் அலறியது. "யோவ்! உம்ம பூட்டை வாங்கிப் போட்ட ஐநூறு கடையும் சாத்தினது சாத்தினபடி கிடக்கு! அத்தனை பேரும் என் வாசல்ல நிக்கிறாங்க. இன்னிக்கே ஒரு வழி பண்ணலேன்னா உம்ம கம்பெனியை ஒழிச்சுக் கட்டிருவேன்!"

முதலாளி போனைக் கையால் பொத்திக்கொண்டு மூவரையும் கூப்பிட்டார். மூவரும் அமைதியாகக் கூடிப் பேசினார்கள்.

"நம்ம சுவரை இடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை மணி நேரம்."

"அனுபவம் வந்துருச்சு. சுவர் இடிக்கிறதுக்கு நம்ம கம்பெனியிலேயே ஒரு புதுப் பிரிவு ஆரம்பிச்சா என்ன? எடுத்த எடுப்புலயே ஐநூறு ஆர்டர்!"

முதலாளிக்கு உயிர் வந்தது. "ஆள் கிளம்பிட்டாங்க ஐயா!" என்று போனில் கத்திவிட்டுத் திரும்பினார். "எங்கப்பா கடப்பாரை?"

"பத்திரமா இருக்கு மொதலாளி" என்றாள் சூசையம்மா. "சாமான் ரூமுக்குள்ள வெச்சு, நம்ம புதுப் பூட்டையே போட்டுட்டேன்."

முதலாளி பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கா கவலைப்படுறீங்க?" என்று மிக்கேல் அவர் தோளைத் தட்டினான். "சாமான் ரூம் சுவரை இடிச்சு எடுத்துட்டாப் போச்சு."

"எதை வெச்சுடா இடிப்பே?"

"கடப்பாரையை வெச்சுத்தான்."