கடல் பின்வாங்கிய துறை

நாற்புறமும் கடல் சூழ்ந்த கருந்தீவின் நடுவே ஒரு நெருப்பு மலை. பொங்குவதற்கு முன் அதன் வயிறு உப்பும். அதைக் கண்டறிய, மலையுச்சிக்கு அருகே ஒன்றும் சற்றுத் தள்ளி ஒன்றுமாக இரண்டு கல்தொட்டிகளை ஒரே மட்டத்தில் வைத்து, மூங்கில் குழாயால் இணைத்து, நீர் நிரப்பியிருந்தார்கள். மலை உப்பினால் அருகிலுள்ள தொட்டி உயரும். அதன் நீர் மற்றதற்கு ஓடி வழியும்.

ஒரு மாசியில் நீர் வழிந்தது. தீவின் தலைவி கார்குழலி தயங்கவில்லை. மலையடி ஊரைக் காலி செய்து, அத்தனை பேரையும் கிழக்குத் துறைக்கு அனுப்பித் தானும் உடன் வந்தாள்.

சில நாள் கழித்துத் தொட்டிக் காவலன் நெடுமான் துறைக்கு ஓடிவந்தான். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு.

"தாயே, இரண்டு தொட்டியிலும் நீர் சமமாகிவிட்டது! மலை அடங்கிவிட்டது!"

துறையே ஆர்ப்பரித்தது. விருந்துக்கு உலை ஏறியது, பறை முழங்கியது. கார்குழலிக்கும் நெஞ்சு லேசானது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் நப்பின்னை. நெடுமானின் மனைவி, துறையில் கடல்நீரின் ஏற்ற இறக்கமான ஓதத்தைப் பார்ப்பவள்.

"விருந்தை நிறுத்துங்கள் தாயே! படகு கட்டும் கல் ஓதம் ஏறும்போதெல்லாம் மூழ்கும். இன்று நனையவே இல்லை. உடனே இங்கிருந்து போக வேண்டும்!"

"கடல் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதற்கும் மலைக்கும் என்ன?" என்றான் நெடுமான். "களைத்துப் போனவர்களை மறுபடி அலைக்கழிக்காதே."

மேற்குக் கரையிலிருந்து அப்போதுதான் மீன் கொண்டுவந்த ஒருவனைக் கார்குழலி அழைத்தாள்.

"உன் கரையில் இன்று ஓதம் எப்படி?"

"எப்போதும்போலத்தான் தாயே. படிவரை ஏறியது."

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். கைக்குழந்தைகளும் நோயாளிகளுமாக எத்தனை பேர்! கிளப்பிவிட்டு ஒன்றும் நடக்காவிட்டால், அடுத்த முறை அவள் சொல்லுக்கு யார் எழுந்திருப்பார்கள்?

இனி நீங்கள் சொல்லுங்கள்: கணவன் மனைவி இருவரில் யார் பேச்சைத் தலைவி கேட்க வேண்டும்? ஏன்?

விடை: நப்பின்னை பேச்சைத்தான். இருவரும் கண்டது மெய்தான். ஆனால் கடல் ஒன்றே. இறங்கினால் எல்லாக் கரையிலும் இறங்கும். மேற்கில் மாறாதது கிழக்கில் மட்டும் எப்படிக் குறையும்? கடல் தாழவில்லை, துறைதான் உயர்ந்திருக்கிறது. மலையின் வயிற்றிலிருந்த நெருப்புக் குழம்பு அடங்கவில்லை, நிலத்தடியில் நகர்ந்து துறைக்கு அடியில் வந்துவிட்டது. "மேற்கே! எல்லோரும் மேற்கே!" என்று கூவினாள் கார்குழலி. நெடுமான் ஒரு கணம் மனைவியைப் பார்த்தான். பிறகு நடக்கமாட்டாத ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஓடினான். கடைசிக் குடும்பம் துறையை அடுத்த மேட்டைத் தாண்டிய சற்றைக்கெல்லாம் துறை பிளந்து தீ சீறியது. இன்று அங்கே ஒரு கரிய குன்று நிற்கிறது. தீவார் அதற்கு வைத்த பெயர் நப்பின்னை மேடு.