வேண்டாம் என்று சொன்ன வீடுகள்

இது நான் நேரில் பார்த்ததல்ல. அந்த மாலை வகுப்பில் படித்த மலர்க்கொடி சொல்லிக் கேட்டது.

நகராட்சிப் பொறியாளர் சற்குணம் அங்கே புள்ளியியல் படிக்க வருவார். தலை நரைத்தவர். பாடம் நடத்திய தமயந்தி அவரைவிட மிகவும் இளையவர்.

ஒரு நாள் சற்குணம் வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"மேடம், என் கணக்கில் எங்கே தப்பு?"

"என்ன கணக்கு சார்?"

"ஆற்றோரத்துக் குடிசைக்காரங்களில் பாதிப் பேரை ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் குடிவெச்சிருக்கோம். அந்த வீட்டை டேப் பிடிச்சு அளந்தேன். என் வீட்டில் வாடகைக்கு விடுற மாடிப் போர்ஷனையும் அளந்தேன். ஒரே அளவு. உள்ளேயே கழிப்பறை, குழாய். ஏற்றத்தாழ்வே இல்லை. இதை வெச்சு அறிக்கை எழுதணும். ஆனால் அங்கே போனால் திட்டுறாங்க."

"அறிக்கையில் என்ன எழுதப்போறீங்க?"

"சமம்னுதான். அப்படி எழுதிட்டா மீதிக் குடிசைகளையும் எடுத்துடுவாங்க."

தமயந்தி சாக்பீஸை எடுத்தார்.

"உங்க வீட்டை வாங்குறதுக்கு முன்னாடி எதையெல்லாம் பார்த்தீங்க?"

சற்குணத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. முதலில் பார்த்தது தெற்கு வாசல், மனைவிக்குப் பிடிக்கவில்லை. அடுத்ததில் ஈசானிய மூலையில் கழிப்பறை. ஒன்றில் தண்ணீர் உப்பு. ஒன்று மகளின் பள்ளிக்குத் தூரம். ஒன்றின் எதிரே மதுக்கடை.

சொல்லிக்கொண்டே போனார். அவர் வேண்டாம் என்ற ஒவ்வொரு வீட்டுக்கும் தமயந்தி கரும்பலகையில் ஒரு கதவு வரைந்தார். இடப்பக்கம் நிறைந்துவிட்டது.

நடுவில் ஒரு கோடு கிழித்தார்.

"வலப்பக்கம் அந்த அடுக்குமாடிக்காரங்களுக்கு. இதையே போய்க் கேட்டுட்டு வாங்க."

மறுநாள் சற்குணம் போனார். நான்காவது மாடியில் கன்னியம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் டேப்பா? சுவரு வளந்திருக்கான்னு பாக்க வந்தீங்களா?"

"இல்லைம்மா. இங்கே வர்றதுக்கு முன்னாடி எந்தெந்த வீட்டை வேண்டாம்னு விட்டீங்க?"

கன்னியம்மா சிரித்தார். சிரிப்பு நின்றபோது முகம் வேறாக இருந்தது.

"மொத நாள் குடிசைய இடிச்சாங்க. மறுநாள் குடத்துல கைய விடச் சொன்னாங்க. சீட்டு வந்துச்சு, நாலாவது மாடி. என் முட்டியக் கேட்டா சீட்டு வருது? நீங்க என்ன சார், சீட்டு எடுத்தா வீடு வாங்கினீங்க?"

"ஊருக்குள்ளே வாடகைக்குத் தேடலாமே."

"தேடாமலா இருக்கோம்? என் மகளுக்கு விடிகாலையில ஆஸ்பத்திரி வேலை. இங்கேருந்து அந்நேரம் பஸ் கெடையாது. கேட்ட வாடகைய குடுக்குறேன்னுதான் போறா. முன்னாடி எங்க இருந்தீங்கம்பாங்க. ஆத்தோரம்னு சொன்னா, வீடு முடிஞ்சுபோச்சும்பாங்க. வாடகைக்குன்னு எழுதின போர்டு மட்டும் அங்கேயே தொங்கும்."

சற்குணத்துக்குக் கோபம் வந்தது.

"யாரு அப்படிச் சொன்னது? பேரைச் சொல்லுங்க."

கன்னியம்மா ஈரத்துணியை உதறினார்.

"கடைசியாப் போனது ஒரு மாடிப் போர்ஷன். கேட்டுல 'சற்குணம், பொறியாளர்'னு எழுதியிருந்துச்சாம். உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க."

அன்று மாலை சற்குணம் நடந்ததையெல்லாம் வகுப்பில் சொன்னார். கரும்பலகையின் வலப்பக்கம் காலியாகவே இருந்தது. தமயந்தி சாக்பீஸை நீட்டினார்.

சற்குணம் தன் மாடிப் போர்ஷனுக்காக ஒரே ஒரு கதவு வரைந்தார்.

அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு உள்ளங்கையால் அழித்தார்.

"யார் சார் அழிச்சது?" என்றார் தமயந்தி.

மலர்க்கொடி சொன்னது இவ்வளவுதான். மீதியை நான் விசாரித்தேன். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தேன். 'சமம்' என்ற சொல் அதில் இல்லை. ஆற்றோரத்தில் மீதிக் குடிசைகள் இருக்கின்றன.

சற்குணத்தின் தெருவுக்கும் போனேன்.

போர்டு இன்னும் தொங்குகிறது.