சும்மா இருப்பவர்களுக்குப் படி கிடையாது

முன்னொரு காலத்தில் மருதங்காட்டுச் சீமையைத் தடந்தோள் மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பெயரில்தான் தோள் இருந்தது. அந்தத் தோளுக்கு எண்ணெய் தேய்க்க ஓர் ஆள், வெந்நீர் ஊற்ற ஓர் ஆள், வாயில் சோறு ஊட்ட ஓர் ஆள், விசிற ஓர் ஆள், பல்லக்குத் தூக்க நான்கு பேர் என்று வைத்துக்கொண்டு, நோகாமல் ராஜ்யம் நடத்தினான்.

அந்தச் சீமையில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. நடக்கவோ தானாகச் சாப்பிடவோ முடியாத பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அரண்மனை மாதந்தோறும் படியாக அரிசி அளக்கும். அந்தப் பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் கூலிக்குப் போக முடியாதே, அதற்காக. யோசனை மந்திரியுடையது. ஊரே அவரை வாழ்த்த, கருவூல அதிகாரி அனந்தகிரிக்கு வயிறு எரிந்தது. மந்திரி வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து ராஜாவிடம் போய்ப் பற்றவைத்தார்.

“பிரபு, இந்தப் பெண்கள் வீட்டில் சும்மாதானே இருக்கிறார்கள்? பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலையா? சும்மா இருப்பவர்களுக்கு எதற்குப் படி?”

ராஜா அப்போது பகடை ஆட்டத்தில் மும்முரமாக இருந்தான். “ஆமாம், எதற்கு?” என்றான். அவ்வளவுதான், மறுநாளே தண்டோரா போட்டுவிட்டார்கள்: சும்மா இருப்பவர்களுக்குப் படி கிடையாது.

அரிசி வாங்கப் பையோடு வந்த இடத்தில்தான் பேராச்சி இதைக் கேட்டாள். அவள் மகன் கொம்பையாவுக்குக் கழுத்து நிற்காது, பேச்சு வராது. பன்னிரண்டு வயதுப் பையன், தூக்கினால் இடுப்பு விட்டுப்போகும். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகனைத் தனியே போட்டுவிட்டு நாற்று நடப் போனால், ஒரு மிடறு தண்ணீர் கொடுக்கக்கூட அவனுக்கு ஆள் இல்லை. போகாவிட்டால் அடுப்பில் உலை இல்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நேரே சபைக்குப் போய் நின்றாள்.

“மகாராஜா, நான் இவனைக் குளிப்பாட்டுறேன், ஊட்டுறேன், தூக்கிச் சுமக்குறேன். இதுக்குப் பேரு சும்மா இருக்கிறதா?”

ராஜா வாயைத் திறக்குமுன் அனந்தகிரி முந்திக்கொண்டார். “பின்னே என்ன? இதெல்லாம் நானே ஒற்றை ஆளாகச் செய்வேன். சும்மா ஆகிற காரியம்.”

பேராச்சிக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. பணிவாகக் கும்பிட்டாள். “ஐயா சொன்னா சரிதான். அப்படின்னா இதே காரியத்துக்கு அரண்மனையிலே எதுக்கு இத்தனை பேரு சம்பளம் வாங்குறாங்க? கஜானாவுக்கு வீண் செலவு. அவங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டு, ஐயாவே மகாராஜாவைச் சும்மா பாத்துக்கிடலாமே.”

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். “பலே,” என்று தொடையைத் தட்டினான். “நாளை பொழுது விடிந்ததும் அனந்தகிரிதான் எனக்கு எல்லாம். நீயும் வந்து பார், அம்மா.”

மறுநாள் சபையே கூடிவிட்டது. அனந்தகிரி தேய்த்த எண்ணெய் ராஜாவின் கண்ணுக்குள் போயிற்று. ஊற்றிய வெந்நீர் கொதித்தது. ஊட்டிய சோறு பாதி மீசையில் நின்றது. பல்லக்கை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாததால், ராஜாவை உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு நந்தவனத்தைச் சுற்றினார். மகனை மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த பேராச்சிக்கே பாவமாகிவிட்டது. “ஐயா, குனிஞ்சு தூக்காதீங்க, இடுப்பு பிடிச்சுக்கிடும்” என்றாள். அதற்குள் பிடித்துக்கொண்டுவிட்டது.

உச்சிவேளையில் விசிறியும் கையுமாக நின்றவர், நின்றபடியே தூங்கி ராஜாவின் மடியில் விழுந்தார்.

“என்ன அனந்தகிரி, சும்மா இருக்கிறீரா?” என்றான் ராஜா.

“பிரபு, சும்மா இருக்க எனக்கு ஏது நேரம்? காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை” என்றார் அவர், தூக்கக் கலக்கத்தில்.

சபை கொல்லென்று சிரித்தது. அனந்தகிரிக்கு அப்போதுதான் தான் சொன்னது உறைத்தது. தலை தொங்கிப்போயிற்று.

ராஜா பேராச்சியிடம் திரும்பினான். “உன் மகன் பாரமா, நான் பாரமா? உள்ளதைச் சொல்.”

“அவனுக்கு முடியாது மகாராஜா. உங்களுக்கு மனசு வரலை. தூக்குறவங்களுக்கு ரெண்டும் பாரம்தான்.”

ராஜா மீசையில் ஒட்டியிருந்த சோற்றைத் தானே துடைத்துக்கொண்டு எழுந்தான். “இன்று முதல் படி இரண்டு மடங்கு. எல்லா வீட்டுக்கும். உனக்கென்று வேறு என்ன வேண்டும், கேள்.”

“மாசத்துல ஒரு நாள் இவனைப் பாத்துக்கிட ஒரு ஆளு வேணும்.”

“அன்றைக்கு நீ என்ன செய்வாய்?”

“தூங்குவேன்.”

சபை மறுபடி சிரித்தது. அனந்தகிரி மட்டும் சிரிக்கவில்லை.

அமாவாசைதோறும் இப்படிப்பட்ட வீடுகளுக்கெல்லாம் அரண்மனை ஆள் போக வேண்டும் என்று உத்தரவாயிற்று. முதல் அமாவாசை அன்று பேராச்சியின் வாசலில் வந்து நின்றவர் அனந்தகிரி. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். “பையனை எப்படித் தூக்க வேண்டும் அம்மா, காட்டு” என்றார். அவள் காட்டினாள். கஞ்சியை எவ்வளவு ஆற்ற வேண்டும், எந்தப் பக்கம் சாய்த்து ஊட்ட வேண்டும் என்று சொன்னாள். பிறகு பாயை விரித்துப் படுத்தாள்.

விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வாசலில் கொம்பையா சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் உடனே எழுந்து ஓடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக் கிடந்தாள்.